கணினியிடம் வாய்விட்டுப் பேசினால் அதற்கு எப்படிப் புரிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாம் பேசுவது கணினிக்குப் புரிகிறது என்கிறார்களே, உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ரயில் நேரம் சொல்லும் தானியங்கி எண்ணுக்கு ஒரு அம்மா போன் செய்கிறார். எடுத்த எடுப்பில், "ஏம்ப்பா, மதுரைக்கு நாளைக்கு ஏழு மணிக்கு வண்டி இருக்கா?" என்கிறார்.

இதற்குச் சரியான பதில் வர வேண்டுமானால் வரிசையாகச் சில வேலைகள் நடக்க வேண்டும். குரலை எண்களாக்க வேண்டும். எண்களிலிருந்து சொற்களைப் பிடிக்க வேண்டும். அந்தச் சொற்களை வைத்து அவர் கேட்பது என்ன என்று பிரித்தெடுக்க வேண்டும். அதுவரை நடந்த பேச்சோடு சேர்த்துப் பார்த்து, அடுத்து என்ன சொல்வது என்று முடிவெடுக்க வேண்டும். அப்புறம் அதைக் குரலாக்கிச் சொல்ல வேண்டும்.

சொற்களைப் பிடித்துவிட்டாலே புரிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். நல்ல கருவி எது, மோசமான கருவி எது என்பது மீதிப் பாதியில்தான் தெரியும். அதனால் இந்தப் பக்கத்தில் அதற்குத்தான் அதிக இடம்.

மைக்கில் விழுந்த குரல் எப்படி எண்ணாகிறது?

காற்றின் அழுத்தத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். பழைய தொலைபேசி இணைப்பில் நொடிக்கு 8,000 அளவுகள். பேச்சுக்கான இன்றைய கருவிகளில் பெரும்பாலும் 16,000. பிறகு அதைச் சுமார் 25 மில்லிநொடித் துண்டுகளாக, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும்படி வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். நம் காது தாழ்ந்த ஒலிகளில் உள்ள வேறுபாட்டை நுணுக்கமாகவும் உயர்ந்த ஒலிகளில் உள்ளதைக் கொஞ்சம் மொத்தமாகவும்தான் உணரும். அதே போக்கில் இந்தக் கணக்கையும் அமைத்திருக்கிறார்கள்.

சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ஸ், ஃப் போன்ற ஒலிகளின் அடையாளம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. போனில் பெயரின் எழுத்தைச் சொல்லும்போது எதிர்முனையில் இருப்பவர் 'எஃபா, எஸ்ஸா?' என்று கேட்பது அதனால்தான். மனிதக் காதுக்கே எட்டாததைக் கணினியால் மட்டும் பிடித்துவிட முடியாது.

ஒலியிலிருந்து சொல்லைக் கண்டுபிடிக்க எப்போது கற்றுக்கொண்டார்கள்?

1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 'ஆட்ரி' என்ற கருவியைச் செய்தார்கள். பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான எண்களை, பழகிய ஒருவரின் குரலில், இடைவெளி விட்டுச் சொன்னால் அது கண்டுபிடிக்கும். பத்தாண்டு கழித்து ஐபிஎம் நிறுவனம் சியாட்டில் உலகக் கண்காட்சியில் காட்டிய 'ஷூபாக்ஸ்' கருவிக்குப் பதினாறு சொற்கள் தெரியும்.

1971-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றுக்குப் பணம் கொடுத்தது. ஆயிரம் சொற்களைக் கொண்டு இயல்பாகத் தொடர்ந்து பேசும் வாக்கியங்களைக் கணினி புரிந்துகொள்ள வேண்டும் என்பது இலக்கு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஹார்ப்பி' 1976-இல் அதை எட்டியது. அதன் சொல் எண்ணிக்கை 1,011. அங்கே அந்த ஆய்வை வழிநடத்திய ராஜ் ரெட்டி, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1994-இல் கணினித் துறையின் மிக உயரிய டியூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். பேச்சறியும் கணினியின் வரலாற்றில் கிண்டிக்கும் ஓர் இடம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை, தெரிய வேண்டும்.

எழுபதுகளிலேயே இன்னொரு போக்கும் வளர்ந்தது. விதிகளை எழுதுவதற்குப் பதிலாக, 'இந்த ஒலிக்கு எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம், அந்தச் சொல்லுக்கு அடுத்து எது வர வாய்ப்பு அதிகம்' என்று நிகழ்தகவாகக் கணக்கிடுவது. ஐபிஎம்மில் ஃப்ரெட் ஜெலினெக்கின் குழு இதை முன்னெடுத்தது. 2010-க்குப் பிறகு அந்தக் கணக்கை, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ளும் நரம்பணு வலைப்பின்னல் நிரல்கள் எடுத்துக்கொண்டன. ஆனாலும் அடிப்படைக் கேள்வி மாறவில்லை. தமிழ்நாட்டில் பலர் பேச்சில் ர, ற இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 'அரை மணி' என்றாரா, 'அறை வேணும்' என்றாரா? பக்கத்தில் நிற்கும் சொல்தான் தீர்த்துவைக்கிறது.

சரி, சொற்கள் கிடைத்துவிட்டன. பொருளும் கிடைத்த மாதிரிதானே?

இல்லை. நம் அம்மாவின் வாக்கியத்துக்கே திரும்புவோம். "மதுரைக்கு நாளைக்கு ஏழு மணிக்கு." மூன்றிலும் முடிவில் 'க்கு'. ஒன்று போகும் ஊர், ஒன்று நாள், ஒன்று நேரம். உருபை மட்டும் பார்த்து, 'க்கு வந்தால் போகும் இடம்' என்று விதி எழுதினால் கணினி அவரை ஏழு மணி என்ற ஊருக்கு அனுப்பும். மதுரை ஓர் ஊர், நாளை ஒரு நாள் என்ற அறிவும் கூடவே வேண்டும்.

இதற்காக ஒரு படிவம் வைத்திருப்பார்கள். புறப்படும் ஊர், சேரும் ஊர், நாள், நேரம், எத்தனை பேர் என்று அதில் கட்டங்கள் இருக்கும். பேச்சிலிருந்து கிடைப்பதை அந்தந்தக் கட்டத்தில் போட வேண்டும். காலியாக இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். 1977-இல் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் செய்த 'கஸ்' என்ற விமானப் பயண உதவியாளர் நிரல் இந்த முறைக்கு முன்னோடி. அதனிடம் தட்டச்சு செய்துதான் பேச வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விமான நேரம் பற்றி மக்கள் வாய்மொழியாகக் கேட்ட கேள்விகளைச் சேகரித்து, பல ஆய்வுக் குழுக்கள் அதே கேள்விகளைத் தங்கள் கணினிகளிடம் கொடுத்துச் சோதித்தன. 1997-இல் எம்ஐடி பல்கலைக்கழகம் 'ஜூபிடர்' என்ற வானிலைத் தொலைபேசி எண்ணைப் பொதுமக்களுக்கே திறந்துவிட்டது. உண்மையான மனிதர்கள் எப்படியெல்லாம் கேட்பார்கள் என்று அதில்தான் நிறையத் தெரிந்துகொண்டார்கள்.

அம்மாவின் படிவத்தில் சேரும் ஊர், நாள், நேரம் மூன்றும் நிரம்பிவிட்டன. 'ஏம்ப்பா'வுக்குக் கட்டம் கிடையாது. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றும் கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். புறப்படும் ஊர் காலி. ஏழு மணி காலையா, மாலையா? அதுவும் தெரியவில்லை.

நேரத்தில் இன்னொரு வம்பு இருக்கிறது. "நாளைக்கு ராத்திரி பன்னெண்டரை வண்டி" என்று ஒருவர் சொன்னால், காலண்டர்படி அது நாளை மறுநாள். பேசுபவருக்கோ அது நாளை ராத்திரிதான். டிக்கெட்டில் தேதி மாறிவிட்டால் அவர் நடைமேடையில் நிற்கும்போதுதான் தெரியும். இப்படி நள்ளிரவைத் தாண்டிய நேரம் வந்தால், கருவி கிழமையையும் தேதியையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

எழுத்தில் கேட்டால் புரிந்துகொள்கிற கணினி, பேச்சில் கேட்டால் ஏன் தடுமாறுகிறது?

யாரும் எழுதுகிற மாதிரி பேசுவதில்லை. "நாளைக்கு... இல்ல இல்ல, நாளன்னிக்கு... வந்து, காலைல வண்டி ஏதாச்சும்..." என்றுதான் பேசுகிறோம். இதில் 'நாளைக்கு' ரத்தாகிவிட்டது. 'வந்து' என்பது வருகையைப் பற்றியது அல்ல. யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம். வாக்கியம் முடியவே இல்லை. காற்புள்ளி, கேள்விக்குறி எதுவும் காதில் விழாது. "வண்டி இருக்கு" என்பதையே கடைசியில் குரலைத் தூக்கிச் சொன்னால் கேள்வியாகிவிடும். குரலை எழுத்தாக்கும்போதே அந்த ஏற்ற இறக்கம் தொலைந்துபோகிறது என்றால் பின்னால் வரும் எந்தப் பகுதியாலும் அதை மீட்க முடியாது.

தமிழில் இது இன்னும் சிரமமா?

சிரமம்தான். ஆனால் அதற்குத் தமிழைக் குறை சொல்வது சரியல்ல. இணையத்தில் கிடைக்கும் தமிழில் பெரும்பகுதி எழுத்துத்தமிழ். போனில் வருவதோ பேச்சுத்தமிழ். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று படித்து வளர்ந்த கணினியிடம் ஒருவர் 'போயிட்டிருக்கேன்' என்கிறார், இன்னொருவர் 'போய்க்கிட்டிருக்கேன்' என்கிறார். திருநெல்வேலி, கோயம்புத்தூர், யாழ்ப்பாணம் என்று ஊருக்கு ஒரு பேச்சு. கூடவே 'டிக்கெட் கேன்சல் பண்ணணும்' போன்ற கலப்பு. ஊர்ப்பெயர்களும் அப்படித்தான். பலகையில் சென்னை எழும்பூர், பலர் வாயில் எக்மோர். பலகையில் திருச்சிராப்பள்ளி, எல்லார் வாயிலும் திருச்சி.

திறமையை அளப்பதிலும் தமிழுக்கு ஓர் அநியாயம் நடக்கிறது. பேச்சை எழுத்தாக்கும் கருவிகளை 'நூறு சொல்லில் எத்தனை தப்பு' என்ற கணக்கில்தான் வழக்கமாக மதிப்பிடுகிறார்கள். கருவி 'மதுரைக்கு போகணும்' என்று எழுதி, ஒப்பிடும் பிரதியில் 'மதுரைக்குப் போகணும்' என்று ஒற்று மிகுந்திருந்தால், அது ஒரு முழுச் சொல் தப்பு. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக நிற்பது தமிழில் ஒட்டி ஒரே சொல்லாக நிற்கும். அதில் ஓர் எழுத்து பிசகினாலும் மொத்தமும் தப்பு. அதனால் தமிழுக்கு எழுத்து வாரியாகவும் பிழையை எண்ணிப் பார்ப்பது அவசியம். இன்னும் நல்லது, படிவத்தின் கட்டங்கள் சரியாக நிரம்பினவா என்று பார்ப்பது. ஒற்று விட்டுப்போனாலும் அந்த அம்மா மதுரைக்குத்தானே போகப்போகிறார்?

நல்ல வேலையும் நடக்கிறது. சென்னை ஐஐடியில் உள்ள 'ஏஐ4பாரத்' குழு இந்திய மொழிகளில் இயல்பான பேச்சைச் சேகரித்து, மாதிரிகளை, அதாவது அந்தப் பேச்சிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரல்களை, பயிற்றுவித்து, எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் யார் வேண்டுமானாலும் தமிழ்க் குரல் கொடுக்கலாம். இதில் குரல் கொடுங்கள் என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முக்கியமாக வீட்டுப் பெரியவர்கள் கொடுக்க வேண்டும்.

'ம்', 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால்?

முந்தைய பேச்சைப் பார்க்காமல் அதற்குப் பொருளே கிடையாது. "காலை ஏழு மணியா?" என்று கேட்டபின் வரும் 'சரி' சம்மதம். "ஏழு மணி வண்டியில் இடம் இல்லை" என்று சொன்னபின் வரும் 'சரி', 'கேட்டுக்கொண்டேன், மேலே சொல்லு' என்பது. 'ம்' என்றால் ஆமாம், 'ம்ஹும்' என்றால் இல்லை. இரண்டையும் இரைச்சல் என்று தள்ளிவிடும் கருவிகள் உண்டு. "அதே வண்டியில திரும்பி வரணும்" என்றால் எந்த வண்டி? அதனால்தான் பேச்சு முழுவதற்கும் ஒரே படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் திருத்திக்கொண்டே வருகிறார்கள்.

ஏன் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிறது?

கணினி எதையும் நிச்சயமாகக் கேட்பதில்லை. "திருவாரூர்" என்று நீங்கள் சொன்னால், உள்ளே 'திருவாரூர், நூற்றுக்கு அறுபது. திருவள்ளூர், நூற்றுக்கு முப்பது' என்பது போல ஒரு பட்டியல்தான் உருவாகும். அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் கருவியைச் செய்தவரின் பொறுப்பு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் "திருவாரூர் என்று சொன்னீர்கள், சரியா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்" என்று கேட்டால் மனிதர் அலுத்துப்போவார். எதையுமே கேட்காமல் போனால் தப்பான ஊருக்கு டிக்கெட். நடுவில் ஒரு வழி இருக்கிறது. "திருவாரூருக்கு என்னைக்குப் போகணும்?" என்று அடுத்த கேள்விக்குள்ளேயே ஊரையும் சேர்த்துச் சொல்லிவிடுவது. சரியாக இருந்தால் அவர் நாளைச் சொல்லிவிட்டு மேலே போவார். தப்பாக இருந்தால் "இல்லைங்க, திருவள்ளூர்" என்று உடனே திருத்துவார். பேருந்து நடத்துனர் "திருவாரூர் ரெண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சீட்டைக் கிழிப்பதும் இதே முறைதான்.

சந்தேகம் அதிகமாக இருந்தால் நேராகக் கேட்க வேண்டும். பணம் போகும் இடத்தில் சந்தேகம் குறைவாக இருந்தாலும் நேராகக் கேட்க வேண்டும். எங்கே கேட்பது, எங்கே விடுவது என்பதையே நிகழ்தகவுக் கணக்காக்கி, தப்பானால் வரும் இழப்பையும் சேர்த்து எடைபோடும் முறையைக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவ் யங்கின் குழு 2000-களில் விரிவாக வளர்த்தது.

எப்படிக் கேட்கிறது என்பதும் முக்கியம். "மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லவும்" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான கேள்வி. எது புரிந்தது, எது புரியவில்லை என்று அதில் ஒன்றுமே இல்லை. "நாளைக்கு என்பது புரிந்தது, ஊர்தான் சரியாகக் கேட்கவில்லை" என்றால் அவர் ஊரை மட்டும் சொன்னால் போதும். புரிந்த பகுதியை மரியாதையோடு வைத்துக்கொள்ளும் கருவியிடம்தான் மனிதர்கள் பொறுமையாகப் பேசுகிறார்கள்.

நான் பேசி முடிப்பதற்குள் ஏன் குறுக்கே பேசுகிறது?

பல கருவிகளுக்கு மௌனம்தான் முற்றுப்புள்ளி. அரை நொடியோ அதற்குக் கொஞ்சம் கூடவோ சத்தம் இல்லையென்றால் நீங்கள் முடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். மனிதர்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வின்படி, ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக 200 மில்லிநொடி அளவில்தான் இடைவெளி. அதாவது வாக்கியம் எங்கே முடியும் என்று முன்கூட்டியே ஊகித்துவிடுகிறோம்.

பத்து இலக்கப் போன் எண்ணை ஐந்து ஐந்தாகச் சொல்லும்போது நடுவில் மூச்சு விடுவோம். அங்கே பாய்ந்து "தவறான எண்" என்று சொல்கிற கருவியைச் செய்தவர் ஒரு முறைகூடத் தன் அம்மாவை அதில் பேசவைத்துப் பார்த்திருக்க மாட்டார். ஐந்து இலக்கம்தான் வந்திருக்கிறது என்றால் இன்னும் ஐந்து வரும். இவ்வளவு ஊகம் கணினிக்கு எட்டாதது அல்ல.

அது பேசிக்கொண்டிருக்கும்போது நான் பேசினால் கேட்குமா?

நல்ல கருவியாக இருந்தால் கேட்கும். தன் குரல் தன் மைக்கிலேயே விழுவதைக் கழித்துவிட்டு உங்கள் குரலைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். உங்கள் 'ம்' கொட்டலுக்கெல்லாம் நின்றுவிடவும் கூடாது.

'அலெக்சா' என்று கூப்பிடாத நேரத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறதா?

மைக் திறந்தே இருக்கும். கருவிக்குள்ளேயே ஒரு சிறிய நிரல் அந்த ஒரு சொல்லை மட்டும் எதிர்பார்த்திருக்கும். அது கேட்டதாகத் தோன்றிய பிறகே குரல் சர்வருக்குப் போகும். வேறு சொல்லை அப்படி நினைத்து விழித்துக்கொள்வதும் நடக்கும். அப்படிப் பதிவானவற்றை அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்து அழிக்கலாம்.

சாட்ஜிபிடி போன்றவற்றின் பின்னால் இருக்கும் பெரிய மொழி மாதிரிகள் வந்தபிறகு இந்தப் படிவம், கட்டம் எல்லாம் பழங்கதையாகிவிடவில்லையா?

புரிந்துகொள்வதில் பெரிய பாய்ச்சல் நடந்திருப்பது உண்மை. "ஞாயித்துக்கிழமை காலைல மதுரைல ஒரு கல்யாணம், அதுக்கு முன்னாடி போய்ச் சேரணும்" என்றால் சனிக்கிழமை இரவு வண்டியைத் தேட வேண்டும். இதைப் பழைய கருவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாடு. இன்றைய மாதிரிகளுக்கு இது எளிது. வேகமும் கூடியிருக்கிறது. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை அறிவித்தபோது, குரலுக்குக் குரலாகப் பதில் தர சராசரியாக 320 மில்லிநொடி என்றது. அதற்கு முன், எழுத்தாக்கி, யோசித்து, மறுபடி குரலாக்கிய முறையில் ஜிபிடி-4 எடுத்துக்கொண்டது சராசரியாக 5.4 நொடி. குரலை நேரடியாக எடுத்துக்கொள்வதால், தூக்கிச் சொன்ன 'இருக்கு' கேள்விதான் என்பதும் தொலையாமல் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது.

ஆனால் இல்லாத வண்டியை இருப்பதாகச் சரளமாகச் சொல்லும் ஆபத்தும் கூடவே வந்திருக்கிறது. வண்டி நேரத்தை மாதிரியின் நினைவிலிருந்து எடுக்கவே கூடாது. அட்டவணையைத் தேடித்தான் சொல்ல வேண்டும். தேடுவதற்கு மறுபடியும் ஊர், நாள், நேரம் வேண்டும். ஆக, படிவம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

கேட்பதிலும் இதே கதை. 6,80,000 மணிநேர ஒலியில் பயிற்சி பெற்று 2022-இல் வெளியான 'விஸ்பர்' மாதிரி பேச்சை எழுத்தாக்குவதில் மிகத் திறமையானது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, அது எழுதித் தந்தவற்றில் சுமார் ஒரு சதவீதத்தில் யாருமே சொல்லாத தொடர்கள் இருந்ததைக் கண்டது. பேச்சில் நீண்ட மௌனங்கள் உள்ளவர்களிடம் இது கூடுதலாக நடந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு தடுமாறிப் பேசுகிற ஒருவரின் வாயில், அவர் சொல்லாததைப் போட்டு எழுதுவது சின்ன விஷயமா?

எல்லோர் பேச்சையும் ஒரே அளவில் புரிந்துகொள்கிறதா?

இல்லை. 2020-இல் அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேசியதில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 தப்பு, கறுப்பினத்தவர் பேசியதில் 35. பயிற்சிக்கு யார் குரல் அதிகம் கிடைத்ததோ அவர் பேச்சு நன்றாகப் புரிகிறது. குழந்தைகள், முதியவர்கள், திக்கிப் பேசுபவர்கள், வட்டார வழக்கில் பேசுபவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் பின்னால் நிறுத்தப்படுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத்தான் பேசும் கணினி அதிகம் தேவை. அவர் பேச்சே அதற்குப் புரியவில்லை என்றால் யாருக்காக இதைச் செய்கிறோம்?

அப்படியானால் நிறுத்தி நிதானமாக, உரக்கப் பேசினால் நன்றாகப் புரியுமா?

பெரும்பாலும் நேர்மாறு. இயல்பான பேச்சில் பயின்ற கணினிக்கு "ம... து... ரை" என்று இழுத்துச் சொல்வது பழக்கமில்லாத ஒலி. புரியவில்லை என்றதும் நாம் குரலை உயர்த்தி இழுக்க, அது இன்னும் தடுமாறும். வழக்கம்போலவே பேசுங்கள், தேவைப்பட்டால் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். "திருவாரூர், தஞ்சாவூர் பக்கம்" என்பது மூன்று முறை "திருவாரூர்" என்று கத்துவதைவிட உதவும், கருவிக்கு அதைப் பிடிக்கத் தெரிந்திருந்தால்.

ஒரு கருவி நல்லதா என்று சோதிக்க என்ன பேசிப் பார்க்கலாம்?

கேட்ட கேள்விக்கு மேல் ஒரு தகவலைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். "எங்கே போகணும்?" என்றால், "மதுரைக்கு, நாளைக்குக் காலைல" என்று சொல்லுங்கள். அடுத்து அது 'எந்த நாள்?' என்று மறுபடி கேட்டால் பாதியைத்தான் கேட்டிருக்கிறது. நடுவில் "இல்ல, திருச்சிக்கே போதும்" என்று மாற்றிப் பாருங்கள். நாளையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு ஊரை மட்டும் மாற்றுகிறதா? போன் எண்ணை மூச்சுவிட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு வீட்டில் வயதான ஒருவரிடம் போனைக் கொடுத்து, எதுவும் சொல்லித்தராமல் பேசவிடுங்கள். கடைசியாக, "ஆள்கிட்ட பேசணும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை முதல் தடவையிலேயே புரிந்துகொண்டு, அதுவரை வாங்கிய விவரங்களோடு அது உங்களை ஒரு மனிதரிடம் சேர்க்க வேண்டும்.